காலி அறையின் சத்தம்

ஜூன் 9

இதை நான் எழுதுவது யாருக்கும் தெரியக் கூடாது. பழைய அறிவியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கங்களில் எழுதி, கம்ப்யூட்டரின் சிபியூ பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். பக்கத் தகட்டை நெம்பினால் கழன்று வரும். அதைக் கழற்றத் தெரிந்த மற்ற இரண்டு பேரும் இப்போது திருப்பூரில் இருக்கிறார்கள்.

சௌமியா அக்கா போன வாரம் தினகர் அண்ணனோடு போய்விட்டாள். கல்யாணம் முடிந்துவிட்டதாம். அவர் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவைச் சேர்ந்தவர். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பாவுக்குத் தொழிலே குரல்தான். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் விளம்பரங்கள், கண் சிகிச்சை முகாம், மரண அறிவிப்பு எல்லாம் எங்கள் வீட்டில்தான் பதிவாகின்றன. பின்பக்க அறையின் சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் முட்டை அட்டையும் அடித்திருக்கிறோம். அங்கே பேசினால் வெளியே ஒரு துளியும் கேட்காது. மைக் உள்ளே இருக்கிறது. கம்ப்யூட்டரின் காற்றாடி இரையும் என்பதால் அதை ஹாலில் வைத்து, சுவரில் துளை போட்டு வயர் இழுத்திருக்கிறோம். ஆண் குரல் அப்பா. பெண் குரல் அக்கா. வயர் இழுத்துக் கொடுத்தவர் தினகர் அண்ணன்.

அதனால்தான் அக்கா போன அன்றைக்குப் பெரியப்பா வந்ததும் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். "இந்தப் பொட்டிய வச்சுத்தானடா வீட்டுக்குள்ள வந்தான்" என்று பின்னால் இருந்த வயர்களை எல்லாம் கொத்தாகப் பிடுங்கி எறிந்தார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று அப்பா கேட்டார். "நாளைக்குச் செருப்பு மேளாக்காரன் வர்றான். இத மாட்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்ப்பா."

"எப்பிடித் தெரியும்?"

இந்த வீட்டில் இப்போது ஏதாவது தெரியும் என்று சொல்லவே பயமாக இருக்கிறது.

வயர்கள் எல்லாம் ஒரே கறுப்பு. ஆனால் முனைகளில் அக்கா நகப் பாலிஷ் தொட்டு வைத்திருக்கிறாள். சிவப்புப் பொட்டு வைத்தது, மைக்கை இணைத்திருக்கும் மிக்சரிலிருந்து வருகிறது. அது நீலத் துளைக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் ரோஸ் துளையில் போட்டால் குரல் கரகரவென்று உடையும். வெள்ளைப் பொட்டு ஹெட்போனுக்கு, பச்சைத் துளை. மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டினேன். அக்காவின் விரல் நுனிகளைப் பிடித்துப் பிடித்து வைப்பதுபோல இருந்தது.

ஜூன் 10

மாட்டியும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். ஹெட்போன் மாட்டியிருந்த அப்பா கத்தினார். "என்னடி வண்டு கத்துது?"

பெரியப்பா இழுத்ததில் சிபியூ வயரின் எர்த் முள் ஒடிந்திருந்தது. பழைய பிரிண்டரின் வயரை எடுத்து மாற்றினேன். நின்றுவிட்டது.

பிறகு காலி அறை எடுத்தேன். எந்தப் பதிவுக்கும் முன்னால், யாரும் இல்லாத அறையைக் கொஞ்ச நேரம் அப்படியே பதிவு செய்ய வேண்டும். சும்மா இருக்கும் அறையிலும் ஓர் இரைச்சல் உண்டு. அதைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டிவிட்டால், குரலிலிருந்து அதை மட்டும் உருவி எடுத்துவிடும். கோப்பின் பெயர் 'காலி அறை'. சொல்லிக் கொடுத்தவர் பெயரை இனி எழுதப் போவதில்லை. ஒருவேளை இது யார் கையிலாவது கிடைத்தால்.

பெண் குரலுக்கு நான் படித்தேன். ஜோடி வாங்கினால் ஜோடி இலவசம். அப்பா ஹெட்போனில் கேட்டார். "அப்படியே அவ..." என்று தொடங்கி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஜூன் 12

மேளா ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் போனது. "ஒங்கக்கா திரும்பி வந்துட்டாளாடி?" என்று என் வகுப்பு நித்யகலா கேட்டாள்.

ஜூன் 17

பெரியப்பா போஸ்டர் அடித்துக்கொண்டு வந்தார். கண்ணீர் அஞ்சலி. அக்காவின் பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் படம், இரட்டைச் சடையோடு. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். மறைவு என்பது அவள் பஸ் ஏறிய நாள்.

எங்கள் ஊரில் இது புதிதல்ல. ஓடிப்போன பெண்ணுக்குப் போஸ்டர் ஒட்டித் தலைமுழுகிவிடுவார்கள். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பெண்ணின் சித்திக்கு ஒட்டினார்கள். அவர் இப்போது திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறார்.

போஸ்டரோடு ஆட்டோ அறிவிப்பும் வேண்டும் என்றார் பெரியப்பா. அப்பா மைக் முன்னால் உட்கார்ந்தார். "வருந்துகிறோம்" என்றார். நிறுத்தினார். மறுபடி "வருந்துகிறோம்" என்றார்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற பெரியப்பா சிரித்தார். "என்னடா, ஊருல எவன் செத்தாலும் கணீர்னு படிப்ப. இதுக்கு மட்டும் தொண்ட அடைக்குதோ?"

"அதில்லண்ணே. பொம்பளக் குரலா இருந்தா சனம் நின்னு கேக்கும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில்தான் பெரியப்பா அம்மாவிடம், "சின்னவளுக்கும் படிச்சது போதும், வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். நான் உள்ளே போய் நின்று படித்தேன். சௌந்தரபாண்டி அவர்களின் மூத்த மகள் செல்வி சௌமியா அகால மரணமடைந்தார் என்பதை.

அப்பா வெளியே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். பாதியில் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "'அகால'ன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்து. கொரல எறக்கு. மேளாவுக்குப் படிக்கிற மாதிரி படிக்காத. இன்னொரு தடவ."

இன்னொரு தடவை படித்தேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை. மூன்றாவதுதான் அவருக்குப் பிடித்தது.

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது அம்மா அடுப்படியில் மிக்சியை ஓடவிட்டாள். அறிவிப்பு முடியும்வரை ஓடியது. தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்தேன், ஜாரில் ஒன்றும் இல்லை.

ஞாயிறு சந்தைக்கு ஆட்டோ போக வேண்டுமாம். அன்றைக்குத்தான் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் வருவார்கள்.

ஜூன் 18

கணக்கில் முதல் பாடம் முடித்தேன். மாலையில் பெரியப்பா வந்தார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அந்த அறையில் பேசினால் வெளியே கேட்காது.

தூக்கம் வருகிறது.

ஜூன் 19

நேற்று எழுதியது பொய்.

கண் சிகிச்சை முகாமுக்காகக் காலி அறை எடுத்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் என் காதில் இருந்தது. பதிவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் உள்ளே போனார்கள். பெரியப்பா போகும்போது என்னைப் பார்த்து, "நீ படி தாயி" என்றார். கதவைச் சாத்தினார்கள்.

ஊரில் ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்திருப்பார்கள். அறையில் மைக் இருப்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அவர் உள்ளே இருந்து பேசிப் பேசிப் பழகியவர். வெளியே ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதை நேற்று மறந்துவிட்டார்.

பெரியப்பா சொன்னது இது. நான் மாற்றாமல் எழுதுகிறேன்.

"போஸ்டர் ஒட்டியாச்சு. ஞாயித்துக்கெழம ஆட்டோவும் போயிரும். ஊரறிய அவ செத்துட்டா. செத்தவள எவன்டா தேடப்போறான்? ஒம் பொண்டாட்டிய விட்டுப் பேசச் சொல்லு. போஸ்டரு சும்மா ஊர் வாய அடைக்கத்தான், அப்பனுக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது, திங்கக்கெழம யாருக்கும் தெரியாம ஒரு எட்டு வந்துட்டுப் போன்னு. அவ மட்டும். அவன்ட்டகூடச் சொல்லக் கூடாது. பஸ் ஸ்டாண்டுல நான் வண்டியோட நிக்கிறேன். நேரா நம்ம தோட்டத்துக்குக் கொண்டு போயிருவேன். கெணறு சும்மாதான கெடக்கு. நீ வர வேணாம். சரின்னு மட்டும் சொல்லு."

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஏதாவது சொல்வார், கத்துவார், பெரியப்பாவின் சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

"சரிண்ணே" என்றார்.

அவர்கள் வெளியே வந்தபோது நான் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பதிவை நிறுத்தினேனா என்று நினைவில்லை. நிறுத்த மறந்திருப்பேன்.

இன்று மதியம் அம்மா அக்காவிடம் பேசினாள். அக்கா திங்கட்கிழமை வருகிறாள்.

ஜூன் 20

அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். அக்காவுக்குச் சீயம் பிடிக்கும் என்று கடலைப்பருப்பை எடுத்துப் பார்த்து, பத்தாது என்றாள். நாளை சந்தையில் வெல்லமும் தேங்காயும் வாங்க வேண்டுமாம்.

"அம்மா, அக்காவ இப்ப வர வேணாம்னு சொல்லேன்."

"ஏன்டி?"

"பெரியப்பாவ நெனச்சா பயமா இருக்கு."

"ஒங்கப்பா இருக்காருல்ல. அவரு பாத்துக்க மாட்டாரா?" பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "அவ வந்தா ஒனக்கு எது கொறையுது? இத்தன நாளு மைக்கு ஒனக்கே இருந்துச்சுல்ல, அதான் பொறாம."

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. சொன்னால் நேராக அப்பாவிடம் போய், "இவ என்னமோ சொல்றா, நெசமாங்க?" என்று கேட்பாள். அம்மா அப்பாவிடம் கேட்காமல் எதையும் நம்பியது இல்லை. அக்காவின் புது எண் அம்மாவின் போனில் இருக்கிறது. பேசி முடித்ததுமே அந்தப் போனை அப்பா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவுக்கு நான் போனால் முக்குக் கடையிலேயே பெரியப்பாவின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாலையில் அப்பா பென்டிரைவைக் கொடுத்தார். "விடியக்காலம் ஆட்டோக்கார ஜெயசீலன் வந்து வாங்கிக்கிருவான். ஏத்தி வையி."

ஆட்டோவில் உள்ள பெட்டி பென்டிரைவில் இருப்பதை எல்லாம் வரிசையாகப் பாடும். முடிந்ததும் முதலிலிருந்து.

அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் அந்தக் காலி அறைக் கோப்பைத் திறந்தேன். பெரியப்பா பேச்சை முடித்த இடத்துக்கும் 'சரிண்ணே'வுக்கும் நடுவில் உள்ள துண்டை மட்டும் எடுத்து, ஒலியை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். அதற்குள் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒரு விசும்பல். 'வேணாம்' என்று வாய்க்குள் சொன்னது. நாற்காலி நகர்ந்தது. எதுவும் இல்லை. சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். படிப்பதற்கு முன்னால் விடுவாரே, அந்த மூச்சு.

பிறகு வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இரைச்சலை எடுத்தேன். குரலை உயர்த்தினேன். அறிவிப்பைப் பென்டிரைவில் ஏற்றினேன்.

கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எனக்குச் சரியான தூக்கமில்லை. கை தவறி இன்னொன்றும் சேர்ந்து ஏறியிருந்தால், அது கை தவறியதுதான்.

ஜூன் 21

அம்மாவோடு சந்தைக்குப் போனேன். வர மாட்டேன் என்றேன், கூடை தூக்க ஆள் வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள்.

தக்காளிக் கடைகளுக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஜெயசீலன் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் குரல் சந்தை முழுக்கக் கேட்டது. அகால, நிறுத்தம், மரணமடைந்தார். நன்றாகத்தான் இருந்தது. சிலர் அம்மாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்மா தலையைக் குனிந்து வெல்லத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு மகள் வருகிறாள் என்ற ரகசியம் அவள் உதட்டில் இருந்தது.

என் குரல் முடிந்தது. பெரியப்பாவின் குரல் தொடங்கியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ விளம்பரத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல இருந்திருக்கும். 'ஒம் பொண்டாட்டிய விட்டுப் பேசச் சொல்லு' என்றபோது அம்மா நிமிர்ந்தாள். பிறகு சந்தையின் சத்தம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே வந்தது. தக்காளி விற்கிறவர் தராசை ஏந்தியபடியே நின்றார். கிணறு வந்தது. அதற்குப் பிறகு அந்த நீளமான மௌனம், குழாய் ஸ்பீக்கரில். நான் அதை வெட்டாமல் விட்டிருந்தேன்.

"சரிண்ணே."

ஊரில் அந்தக் குரலைத் தெரியாதவர்கள் இல்லை.

மறுபடி நான் செத்துப்போன அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மறுபடி அவர்கள். மூன்றாவது சுற்றில் பெரியப்பாவின் ஆட்கள் ஓடி வந்து வயரைப் பிடுங்கினார்கள். ஜெயசீலன் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை. "என்னைய எதுக்குய்யா அடிக்க வர்ற? ஓனரு குடுத்த பென்டிரைவு. அதுல இருக்கறதத்தான் பாடும்."

அதற்குள் சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் போன் இருந்தது.

அம்மா வீட்டுக்கு வந்ததும் வெல்லத்தைப் பானையில் போட்டு மூடினாள்.

ஜூன் 22

அக்கா வரவில்லை.

நேற்று மாலை போலீஸ் வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது. இன்று மதியம் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வாய்ப்பேச்சுதான், ஒன்றும் நடக்கவில்லையே என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்களாம். மாமா முறையில் உள்ளவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து காபி குடித்தார்கள். ஒருவரும் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. "எப்பிடிப்பா இது ஆட்டோவுல ஏறுச்சு?" என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி.

"எந்திரக் கோளாறு" என்றார் அப்பா.

"கோளாறாவது. பக்கத்துல நின்னு பேசுன மாதிரி அம்புட்டுச் சுத்தமா இருந்துச்சே" என்றார் ஒருவர். யாரோ சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். ஹெட்போன் மாட்டி அந்தக் கோப்பை முழுவதும் கேட்டு முடித்திருந்தார்.

"ரெண்டாவது எப்பிடி ஏறுச்சு?"

"தெரியாம சேந்து செலக்ட் ஆயிருச்சுப்பா."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எரைச்சல எடுத்திருக்க" என்றார். "கொரல ஏத்தியிருக்க."

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அடிக்கவில்லை. பெரியப்பாவிடம் சொல்லவும் இல்லை. கோப்பை அழித்துவிட்டு, "போய்ப் படி" என்றார். என்னைக் காப்பாற்றினாரா, தன் குரலை அழித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 25

அக்கா அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். "லோசனிட்ட குடு" என்றாள் அக்கா. மீனலோசனி என்ற என் பெயரை அவள்தான் அப்படிச் சுருக்கினாள்.

"சொல்லுக்கா."

"வர வேணாம்னு இவரோட அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க. ஏன்னு இவரும் சரியாச் சொல்லல, நான் பயந்துருவேன்னு. ஊர்லருந்து யாரோ ஒரு வீடியோ அனுப்புனாங்க. சந்தையில எடுத்தது. கொஞ்சந்தான் இருக்கு." மூச்சு வாங்கினாள். "போஸ்டரு பெரியப்பா ஒட்டுனதுன்னு தெரியும். அது போகட்டும். அந்தக் கொரலு நீதானடி?"

அப்பா எனக்கு எதிரில் நின்றார். அம்மா அடுப்படி வாசலில்.

வீடியோ எங்கே முடிகிறது என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பிறகு என்ன வந்தது என்று உன் வீட்டுக்காரரிடம் கேள், சந்தையில் இருந்த யாரிடம் வேண்டுமானாலும் கேள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அது கோளாறு இல்லை என்று ஆகிவிடும், பெரியப்பா காதுக்கும் போகும். கிணறு அங்கேயேதான் இருக்கிறது.

"ஆமா" என்றேன்.

"எவ்வளவு அழகா நிறுத்தி நிறுத்திப் படிச்சிருக்கடி" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

ஜூன் 26

அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம். அம்மா காலையிலிருந்து அதையே அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 3

இரண்டு வாரம் ஓர் ஆர்டரும் வராது என்று நினைத்தேன். நான்காம் நாளே வந்துவிட்டது. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி. "ஒங்க பதிவு சுத்தமா இருக்கும்னு ஊரே பேசுதுண்ணே" என்றார் கடைக்காரர். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெற்றிலைத் தட்டில் இருந்து முன்பணத்தை எடுத்துக்கொண்டார்.

பெரியப்பா அவ்வப்போது வந்து போகிறார். என்னைப் பார்த்தால் "நல்லாப் படிக்கிறியா தாயி" என்கிறார். பள்ளிக்கூடம் இன்னும் நிற்கவில்லை. நின்றால் பேச்சு கிளம்பும் என்று அப்பா சொன்னாராம்.

அப்பா தின்னரும் துணியும் கொடுத்து, வயரில் உள்ள நகப் பாலிஷை எல்லாம் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். எது எந்தத் துளைக்குப் போகும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி, அவரே மாட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இனிமேல் கம்ப்யூட்டர் முன்னால் அவர்தான் உட்காருவார். நான் உள்ளே.

இந்த நோட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்று மாலை ஜவுளிக்கடைக்குப் படிக்க உள்ளே போனேன். அப்பா கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார். முன்பு போடுவதில்லை. சுவரில் இருந்த துளை வழியாக அவர் குரல் லேசாக வந்தது.

"மொதல்ல காலி அறை எடுக்கணும். நான் தட்டுற வரைக்கும் பேசாம நில்லு."

அறையில் நான் இருந்தால் அது எப்படிக் காலி அறை ஆகும் என்று கேட்கவில்லை. மைக் முன்னால் நின்றேன். முட்டை அட்டைகள், மெத்தைகள். வெளியே அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நான் பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒலியைக் கூட்டிக் கேட்டால் என்னென்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

வெகு நேரம் அவர் தட்டவே இல்லை. மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு நின்றேன்.